போனில் கூட்டமா? ஒவ்வொருவர் குரலும் கேட்கட்டும்!



குழுக் கூட்டம் என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும். கோயில் திண்ணையிலோ, பள்ளிக்கூட வராண்டாவிலோ, யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். நடுவில் தீர்மானப் புத்தகமும் கணக்குப் புத்தகமும் இருக்கும். யார் முகம் வாடியிருக்கிறது, யார் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் இருக்கிறார் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். "என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அந்த வட்டம் கலைந்தது. கூட்டம் போனுக்குள் போனது. ஊரடங்கு முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் போன் கூட்டம் நம்மை விட்டுப் போகவில்லை. பயிற்சி என்றாலும் லிங்க் வருகிறது, வங்கி விளக்கம் என்றாலும் லிங்க் வருகிறது. இதில் நன்மையும் இருக்கிறது. பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி போகாது, கைக்குழந்தைக்காரரும் கலந்துகொள்ளலாம்.

ஆனால் லிங்கில் வந்தவர்கள் எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்களா? கேட்டார்களா? புரிந்துகொண்டார்களா? இதை விசாரிக்காமல் விட்டதால் ஒரு நல்ல குழு உடையும் நிலைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தள்ளிவைப்பா? தள்ளுபடியா?

அப்போது நான் எங்கள் பகுதிக் கூட்டமைப்பில் செயலாளர். 2020 மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பு செய்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் 1 முதல் மே 31 வரை கட்ட வேண்டிய கடன் தவணைகளை 3 மாதம் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். பிறகு மே 22-ஆம் தேதி, அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். தவணை மட்டும்தான் தள்ளிப்போனது. அந்த மாதங்களுக்கும் பாக்கித் தொகைக்கு வட்டி உண்டு.

இதைக் குழுக்களுக்கு விளக்க ஜூன் மாதம் ஜூமில் ஒரு கூட்டம் போட்டோம். வங்கியிலிருந்து ஒரு அதிகாரி பேசினார். 38 பேர் சேர்ந்திருந்தார்கள். "இத்தனை பேர் வந்துட்டாங்களே" என்று எனக்கு ஒரே பெருமை. இலவச ஜூமில் 40 நிமிடம்தான் பேச முடியும். அதிகாரி 35 நிமிடம் பேசினார். அவர் சொன்னது எல்லாமே சரியான தகவல். கடைசியில் நான் அவசர அவசரமாக, "எல்லாருக்கும் புரிஞ்சுதா? சந்தேகம் ஏதும் இல்லையே?" என்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "சரி, நன்றி" என்றேன். லைன் கட்டானது.

38 பேரும் புரிந்துகொண்டார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

செப்டம்பரில் வங்கி மறுபடியும் தவணை கேட்டது. ஒரு குழுவில் பாஸ்புக்கைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. பாக்கி ஏறியிருந்தது. "ஆறு மாசம் தள்ளுபடின்னு கூட்டத்துலயே சொன்னாங்களே, இது என்ன புதுசா வட்டி?" என்று கேட்டார்கள். அதிகாரி சொன்னது 'தள்ளிவைப்பு'. சிக்னல் விட்டுவிட்டு வந்த போனில் அவர்கள் காதில் விழுந்தது 'தள்ளு...' மட்டும்தான். மீதியை அவரவர் மனசு 'தள்ளுபடி' என்று நிரப்பிக்கொண்டது. கஷ்ட காலத்தில் நல்ல சேதியைத்தானே காது தேடும்?

கணக்கைப் பாருங்கள். ஒரு குழுவுக்கு 2 லட்சம் ரூபாய் கடன் பாக்கி, வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய் வட்டி. ஆறு மாதத்துக்கு 12,000. பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் தலைக்கு 1,000 ரூபாய். வேலை இல்லாமல் இருந்த அந்த நேரத்தில் 1,000 ரூபாய் என்பது சின்னத் தொகையா?

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. "வட்டிப் பணத்தை நீதான் எடுத்துட்டே" என்று குழுத் தலைவியைப் பார்த்துச் சிலர் கேட்டுவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு பைசா தப்பு வராமல் கணக்கு வைத்தவர் அவர். புத்தகத்தையும் பெட்டிச் சாவியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்மா" என்று அழுதார். வங்கித் தாளை வைத்துக்கொண்டு மூன்று தடவை நேரில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் குழு பழைய நிலைக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு அந்த 38 பேரில் பலரிடம் தனித்தனியாகக் கேட்டேன். "அன்னைக்கு ஏங்க்கா ஒரு வார்த்தை கேக்கலை?" அவர்கள் சொன்ன பதில்தான் எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி.

ஏன் வாய் திறக்கவில்லை?

ஒருவர் சொன்னார்: "போன் என் மகனோடது. பாதியில வாங்கிட்டு வெளிய போயிட்டான். பேரு மட்டும் உங்க திரையில இருந்திருக்கும்."

இன்னொருவர்: "நான் பேசினேனே! ரெண்டு தடவை கேட்டேன். நீங்கதான் பதில் சொல்லலை." அவருடைய மைக் மூடியிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாமவர்: "மாமனார் பக்கத்துல உக்காந்திருந்தார். கடனைப் பத்தி அவர் முன்னால எப்படிக் கேக்கறது?"

நான்காமவர்: "சார் இங்கிலீஷ் வார்த்தையா சொன்னார். எல்லாரும் சும்மா இருக்காங்க, நமக்கு மட்டும்தான் புரியலை போலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

கவனித்தீர்களா? ஒருவரும் ஆர்வம் இல்லாமல் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. நேரில் என்றால் அந்தக் காரணம் முகத்தில் தெரிந்திருக்கும். போனில் தெரியாது. 'மௌனம் சம்மதம்' என்ற பழமொழி கல்யாணப் பேச்சுக்கே சில சமயம் பொருந்தாது. போன் கூட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது. மௌனம் என்றால் சிக்னல் இல்லை என்றும் இருக்கலாம், போனே கையில் இல்லை என்றும் இருக்கலாம். ஆகவே பேச வைக்கிற பொறுப்பு கூட்டம் நடத்துகிறவருடையது. அதை எப்படிச் செய்வது? நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றைச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முன்னால்

நேரத்தை உறுப்பினர்களிடம் கேட்டு வையுங்கள். அலுவலகத்துக்கு வசதியான நேரம் காலை 11 மணி. நம் உறுப்பினர்கள் அப்போது காட்டிலோ கம்பெனியிலோ இருப்பார்கள். மாலை 6 மணி என்றால் அடுப்படி வேலை. எங்கள் பகுதியில் மதியம் 2.30 மணியும் இரவு 8 மணிக்கு மேலும் ஒத்துவந்தன. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

பேசப்போவதை முதல் நாளே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக டைப் செய்ய வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். "நாளைக்கு ரெண்டே விஷயம் பேசப்போறோம். ஒண்ணு, வங்கிக் கடன் தவணை. ரெண்டு, தீபாவளிச் சீட்டு. உங்க குழு பாஸ்புக்கை எடுத்து வச்சுக்கோங்க" என்று சொன்னால், யோசித்துக்கொண்டு வருவார்கள். யோசித்து வந்தவர்தான் பேசுவார். மூன்று விஷயத்துக்கு மேல் ஒரே கூட்டத்தில் வைக்காதீர்கள்.

நேரக் கணக்கு தெரிந்திருக்கட்டும். இலவச ஜூமில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசமாக 60 நிமிடம். வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். 12 பேர், 15 பேர் உள்ள குழுக் கூட்டத்துக்கு வாட்ஸ்அப்பே போதும். எல்லோருக்கும் பழகியது, லிங்க் தேட வேண்டாம். கூட்டமைப்பு அளவில் ஆள் கூடும்போது மட்டும் மற்றவை போதும்.

ஒத்திகை பாருங்கள். முதல் தடவை கலந்துகொள்பவருக்கு முந்தின நாள் ஐந்து நிமிடம் ஒதுக்கி, லிங்கைத் தொட்டு உள்ளே வருவது, மைக்கைத் திறப்பது, மூடுவது மூன்றையும் பழக்கிவிடுங்கள். மைக் படத்தின் குறுக்கே கோடு இருந்தால் நாம் பேசுவது வெளியே போகாது. அதைத் தொட்டால் கோடு போய்விடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பாதிப் பேர் ஊமையாக இருந்தார்கள். ஜூமில் உள்ளே வந்தும் சத்தமே கேட்கவில்லை என்றால், ஆடியோ இணையவில்லை என்று அர்த்தம். ஆடியோ படத்தைத் தொட்டு இணைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு போன், நான்கு பேர். ஸ்மார்ட்போன் இல்லாதவரையும், வீட்டில் பேச வசதி இல்லாதவரையும் பக்கத்து வீட்டு உறுப்பினரோடு சேர்த்துவிடுங்கள். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் தைரியமும் வரும், டேட்டாவும் மிச்சம். மாமனார் முன்னால் பேச முடியாத அக்கா, தோழி வீட்டுத் திண்ணையில் நன்றாகப் பேசுவார். ஒரே இடத்தில் இரண்டு போனில் சேர்ந்தால் மட்டும் 'கூ' என்று இரைச்சல் வரும். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

மூன்று பேர், மூன்று வேலை. கூட்டத்தை ஒருவர் நடத்தட்டும். இன்னொருவர் தீர்மானம் எழுதட்டும். மூன்றாமவருக்கு ஒரே வேலை: பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, யார் பேசினார், யார் பேசவில்லை என்று குறிப்பது. லைன் கட்டானவரைச் சாதாரண போனில் கூப்பிட்டு உள்ளே கொண்டுவருவதும் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்த்தால், நான் செய்த தப்பு மறுபடியும் நடக்கும்.

கூட்டம் நடக்கும்போது

முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரட்டும். வருகைப் பதிவை அதற்குப் பயன்படுத்துங்கள். "வந்திருக்கீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு நிற்கும். "உங்க ஊர்ல மழை உண்டா?", "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேளுங்கள். சிரிப்போடு பதில் வரும். மைக் வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். முதலில் ஒரு தடவை பேசியவர் பிறகு பேசத் தயங்க மாட்டார். ஆள் அதிகமாக இருந்தால் குழுவுக்கு ஒருவர் பேசினால் போதும்.

ஒருவரே நீளமாகப் பேச வேண்டாம். நேரில் அரை மணி நேரம் கேட்கிற நமக்கு, போனில் பத்து நிமிடத்துக்கு மேல் மனசு நிற்பதில்லை. பால் பொங்கும், பிள்ளை அழும். எனவே ஏழெட்டு நிமிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். நிறுத்துங்கள். கேள்வி கேளுங்கள். பிறகு அடுத்தது.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "புரிஞ்சுது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்:

"இப்ப சார் சொன்னதை உங்க குழுவுல போய் எப்படிச் சொல்லுவீங்க? எங்களுக்குச் சொல்லிக் காட்டுங்க."

"உங்க குழுவுக்கு எவ்வளவு பாக்கி? மாசம் எவ்வளவு வட்டி வரும்?"

"இதுல உங்களுக்கு எது கஷ்டமாப் படுது?"

அன்றைக்கு ஜூன் மாதக் கூட்டத்தில் இரண்டே இரண்டு பேரை இப்படித் திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தால், 'தள்ளுபடி' என்ற வார்த்தை அங்கேயே வெளியே வந்திருக்கும். அங்கேயே திருத்தியிருக்கலாம். ஒரு தலைவி அழுதிருக்க மாட்டார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. திருப்பிச் சொல்லச் சொல்வது பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆகிவிடக் கூடாது. "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், அதுக்காகக் கேக்கறேன்" என்று பொறுப்பை உங்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னாலும் "நல்லாச் சொன்னீங்க, ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்த்துக்கலாம்" என்று ஆரம்பியுங்கள். ஒருவரைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால், அடுத்த கூட்டத்தில் பத்து பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "யாராவது சொல்லுங்க" என்றால், எப்போதும் பேசுகிற மூன்று பேர்தான் பேசுவார்கள். பெயர் சொன்னால்தான் மற்றவர்கள் வருவார்கள். வயதில் பெரியவரை அக்கா என்றோ அம்மா என்றோ சேர்த்துக் கூப்பிடுங்கள். திடீரென்று கூப்பிட்டுப் பதற வைக்கவும் வேண்டாம். "அடுத்து கிழக்குத் தெரு அக்கா, அதுக்கப்புறம் காலனி அக்கா" என்று வரிசையை முன்னாலேயே சொல்லிவிட்டால், மைக்கைத் திறந்து தயாராக இருப்பார்கள்.

கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். போனில் நம் குரல் போய்ச் சேரவே ஒரு நொடி ஆகும். அவர் கையைத் துடைத்து, போனை எடுத்து, மைக்கைத் தொட வேண்டும். மனசுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு எண்ணும்போது ஒரு குரல் வரும், பாருங்கள்.

கையில் எதையாவது கொடுங்கள். "பாஸ்புக்கைத் திறங்க, கடைசி வரியைப் படிங்க", "ஒரு தாள்ல உங்க சேமிப்புத் தொகையை எழுதுங்க" என்று வேலை கொடுத்தால் கவனம் சிதறாது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வேண்டும் என்றால் வீடியோவில் கையைத் தூக்கச் சொல்லலாம். வீடியோ போடுவதைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வீடியோ போட்டால் டேட்டா சீக்கிரம் தீரும். வீட்டைக் காட்டக் கூச்சப்படுபவர்களும் உண்டு. குரல் கேட்டாலே போதும்.

பெரிய கூட்டம் என்றால் நடுவில் சின்னக் கூட்டம் வையுங்கள். "பத்து நிமிஷம் இதை விட்டுட்டு, உங்க உங்க குழுவுல நாலஞ்சு பேரா வாட்ஸ்அப்ல பேசிட்டு வாங்க" என்று அனுப்பினோம். நாற்பது பேர் முன்னால் பேசாதவர்கள் நான்கு பேருக்குள் பேசினார்கள். திரும்பி வந்து ஒருவர் எல்லோர் சார்பிலும் சொன்னார். ஜூமில் இதற்கென்றே தனி அறைகளாகப் பிரிக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் பழகாதவர்களுக்கு வாட்ஸ்அப்தான் சுலபம்.

வீட்டுச் சத்தத்துக்காக யாரையும் குறை சொல்லாதீர்கள். குக்கர் விசிலும் ஆட்டுக்குட்டி சத்தமும் நம் கூட்டத்தில் வரத்தான் செய்யும். "பேசாதப்ப மைக்கை மூடிக்கோங்க" என்று ஆரம்பத்தில் பொதுவாகச் சொன்னால் போதும்.

வெளியாள் பேச வரும்போது

அதிகாரியோ, மருத்துவரோ, பயிற்சி கொடுப்பவரோ யாராக இருந்தாலும், முன்னாலேயே போன் செய்து மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாங்கள் நிறுத்திக் கேள்வி கேட்போம்.

இரண்டு, புதிய வார்த்தை வந்தால் எளிய தமிழில் சொல்ல வேண்டும். முக்கியமான வார்த்தையை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

மூன்று, எங்கள் உறுப்பினர்கள் முன்கூட்டியே கொடுத்த கேள்விகளுக்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

இந்தக் கேள்விகளை முந்தின வாரமே குழுக்களிடம் வாங்கிவிடுங்கள். பெயர் சொல்லாமல் நீங்களே கேட்கலாம். கடன், உடம்பு, குடும்பச் சண்டை போன்ற விஷயங்களை வீட்டில் ஆள் இருக்கும்போது வாய் விட்டுக் கேட்க முடியாது. "ஒரு அக்கா கேட்டிருக்காங்க" என்று நீங்கள் கேட்டால், அவருக்கும் பதில் கிடைக்கும், மானமும் காக்கப்படும்.

பணத் தீர்மானம் என்றால்

இது மிக முக்கியம். கடன், வட்டி, சந்தா, அபராதம் என்று பணம் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுத் தீர்மானம் எழுதாதீர்கள்.

முதலில் தீர்மானத்தை வார்த்தை வார்த்தையாக வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, 'சம்மதம்', 'சம்மதம் இல்லை', 'யோசிக்கணும்' என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். 'யோசிக்கணும்' என்பதையும் ஒரு பதிலாக மதியுங்கள். தயங்குகிறவர்களுக்கு அதுதான் கதவு. குரலே வராதவரைச் சம்மதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவருக்கு நேரே 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அடுத்து நேரில் கூடும்போது அதே தீர்மானத்தை மறுபடி வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். நேரில் கூடும்வரை பொறுக்கக்கூடிய விஷயம் என்றால், பொறுப்பதே நல்லது.

முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு என்ற ஐந்தும் நம் குழுக்களின் பஞ்சசூத்திரம். அதில் கூட்டம்தான் முதலில் நிற்கிறது. கூட்டம் ஒழுங்காக நடந்தால்தான் மற்ற நான்கும் நிற்கும்.

இதையும் கவனியுங்கள்

கூட்டத்தின் லிங்கைப் பொதுவான குரூப்பில் போட வேண்டாம். தெரியாத பெயர் உள்ளே வந்தால், யார் என்று கேட்டு, பதில் இல்லை என்றால் வெளியே அனுப்புங்கள்.

ஆதார் அட்டை, ஏடிஎம் அட்டை, பாஸ்புக் பக்கம் எதையும் திரையில் காட்டாதீர்கள். "மானியம் வாங்கித் தர்றேன், உங்க போன் திரையை எனக்குக் காட்டுற மாதிரி பட்டனை அமுக்குங்க", "ஓடிபி சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அதிகாரி என்று சொன்னாலும் சரி. நம் பணம் போகிற வழி அதுதான்.

கூட்டத்தைப் பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லி அனுமதி கேளுங்கள். உறுப்பினர்கள் முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

கூட்டம் முடிந்த பிறகு

என்ன முடிவானது, யார் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை இரண்டு நிமிடக் குரல் பதிவாக அன்றே அனுப்புங்கள். பட்டியலில் 'பேசவில்லை' என்று குறித்த நான்கைந்து பேரை மறுநாள் கூப்பிடுங்கள். "ஏன் பேசலை?" என்று கேட்க வேண்டாம். "நேத்து கூட்டத்துல என்ன சொன்னாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். கூட்டம் ஜெயித்ததா தோற்றதா என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் ஒரே நாளில் வந்துவிடாது. அந்த வருஷம் டிசம்பரில் அதே குழுக்களுக்கு மறுபடி ஒரு போன் கூட்டம் வைத்தோம். மறுதவணைக் கணக்கு பற்றியது. இந்தத் தடவை 38 பேர் இல்லை, 22 பேர்தான். பத்து நிமிடம் விளக்கம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஜூன் மாதம் "எல்லாரும் சும்மா இருக்காங்க, நானும் சும்மா இருந்துட்டேன்" என்று சொன்ன அந்த அக்காவின் முறை வந்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். ஏழு வந்தபோது மைக் திறந்தது.

"எனக்கு இன்னும் புரியலைம்மா. வட்டி அசலோட சேர்ந்துதா, தனியா இருக்கா?"

கேட்டதும், "எனக்கும் அதே சந்தேகம்தான்", "எனக்கும்தான்" என்று அடுத்தடுத்து ஆறு குரல் வந்தது. எனக்கே அதற்குச் சரியான பதில் தெரியவில்லை. மறுநாள் வங்கிக்கே போய்க் கேட்டு, தாளில் எழுதி வாங்கி வந்து, குழு குழுவாகப் படித்துக் காட்டினோம். அதற்குப் பிறகு அந்த வட்டியைப் பற்றி எந்தக் குழுவிலும் சண்டை வரவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்த தலைவி இப்போதும் அதே குழுவில் கணக்கு எழுதுகிறார்.

சகோதரிகளே, உங்கள் குழுவின் அடுத்த போன் கூட்டத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். உறுப்பினர் பெயரை ஒரு தாளில் எழுதி, பேசியவருக்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள். கூட்டம் முடியும்போது புள்ளி இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்தப் பெயர்களிலிருந்து வேலையை ஆரம்பியுங்கள். என்ன நடந்தது என்பதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் குரல் பதிவாக அனுப்பினாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம்.